சாங் சைக்கிளுக்குப் பின்னாடி படம் ஓட்டறது எப்படி? முதல் தடவை மேடை ஏத்துறவங்களுக்கு

ஒரு பாடகர், ஒரு பியானோ, பின்னாடி பெரிய ஸ்க்ரீன்ல ஓவியமோ அனிமேஷனோ ஓடிட்டு இருக்கு. பாக்க சிம்பிளாத்தான் தெரியும், ஆனா செஞ்சு பாத்தவங்களக் கேட்டா அரை மணி நேரம் புலம்புவாங்க, ஏன்னா இதுல மூணு வேற வேற வேலை ஒரே நேரத்துல நடக்குது, மூணு பேரும் மூணு வேற பாஷை பேசுவாங்க. மியூசிஷியன் பார் நம்பர்ல (நோட்ஸ்ல கோடு போட்டுப் பிரிச்ச ஒவ்வொரு தாளக் கட்டமும் ஒரு பார்) பேசுவாரு, வீடியோ ஆளு செகண்ட்ல பேசுவாரு, லைட் ஆளு க்யூ நம்பர்ல (க்யூன்னா "இப்போ மாத்து"ங்கற சைகை) பேசுவாரு. இந்த மூணையும் ஒரே தாள்ல கொண்டு வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

சாங் சைக்கிள்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: தனித்தனிப் பாட்டு தான், ஆனா ஒரே கவிஞரோட கவிதைகளயோ ஒரே கதையையோ ஒரே மனநிலையையோ வச்சு, இந்த வரிசையில தான் பாடணும்னு கம்போசர் கோத்து வச்ச தொகுப்பு. அதனால நடுவுல ஒண்ண தூக்கிட்டு வேற ஒண்ண போடலாம், வரிசைய மாத்தலாம்ங்கற பேச்சே வேண்டாம்.

நான் சொல்லப் போற எல்லாமே ஒரே விஷயத்துல இருந்து தான் வருது. படம் பாட்டுக்காக காத்திருக்கணும், பாட்டு படத்துக்காக ஓடக் கூடாது. பாடகர் ஒரு வரியில மூச்சு எடுக்க கொஞ்சம் அதிகமா நின்னா ஸ்க்ரீனும் நிக்கணும். இத முதல் மீட்டிங்லயே எல்லாருக்கும் சொல்லிடுங்க, இல்லன்னா வீடியோ ஆளு அழகா 3 நிமிஷம் 12 செகண்டுக்கு எடிட் பண்ணி முடிச்ச ஃபைலோட வந்து நிப்பாரு, அப்புறம் பியானிஸ்ட் காதுல க்ளிக் ட்ராக் (வேகம் மாறாம டிக் டிக்னு தாளம் தட்டற சத்தம்) மாட்டிக்க முடியுமான்னு யாராவது கேப்பாங்க, அங்கேயே கச்சேரி செத்துப் போச்சு.

எந்த சைக்கிள எடுக்கறது

முதல் தடவைனா நீளமானத எடுக்காதீங்க. எல்லாருக்கும் ஆசை ஷூபர்ட்டோட விண்டர்ரைஸ் (குளிர்காலப் பயணம்) மேல தான் போகும், 1827ல எழுதினது, 24 பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஓடும். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 2014ல அதுக்கு 24 குட்டி அனிமேஷன் படங்கள வச்சு மேடை ஏத்தினாரு, மட்டியாஸ் கோர்ன பாட, மார்க்குஸ் ஹின்டர்ஹாய்சர் பியானோ. அதப் பாத்துட்டு தான் நிறைய பேருக்கு இந்த ஆசையே வருது, தப்பில்ல, ஆனா கென்ட்ரிட்ஜுக்குப் பின்னாடி பல வருஷம் கரியில வரைஞ்சு வரைஞ்சு அழிச்ச வேலை இருக்கு, உங்ககிட்ட ரெண்டு மாசம் தான் இருக்கும்.

பீத்தோவனோட ஆன் டீ ஃபெர்ன கெலீப்ட 1816ல வந்தது, 6 பாட்டு, கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். ஆனா அதுல பாட்டுக்கு நடுவுல இடைவெளியே கிடையாது, பியானோ ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு இழுத்துட்டுப் போயிடும், அதனால படமும் நிறுத்தாம மாறிட்டே வரணும். ஷூமானோட ஃபிராவன்லீப உண்ட் லேபன், 1840, 8 பாட்டு, சுமார் 20-25 நிமிஷம், தொடக்கத்துக்கு எனக்குப் பிடிச்ச சைஸ் இது. அதே 1840ல அவரு எழுதின டிக்டர்லீப 16 பாட்டு, அரை மணி நேரம் தான், ஆனா சில பாட்டு ஒரு நிமிஷம் கூட இல்ல, படம் வந்து கண்ணுல உக்கார்றதுக்குள்ள பாட்டு போயிடும். அந்தக் குட்டிப் பாட்டுகள ரெண்டு மூணா சேத்து ஒரே படத்துக்குக் கீழ கொண்டு வர்றது தான் புத்திசாலித்தனம்.

பாடகர் குரலுக்கு ஏத்த கட்டையில ஹை, மீடியம், லோன்னு தனித்தனி பதிப்பு கிடைக்கும். எந்தப் பதிப்புல பாடறாங்களோ அதே பதிப்போட காப்பி வீடியோ டேபிள்லயும் இருக்கணும், வேற பதிப்பு வச்சுட்டு "அந்தப் பக்கத்துல மேல இருக்கற வரி"ன்னு பேசிட்டு இருந்தா விடிஞ்சுடும்.

உரிமை விஷயம்: இந்த கம்போசர்கள், கவிஞர்கள் எல்லாம் போய் ரொம்ப வருஷம் ஆச்சு, மியூசிக் ஃப்ரீ தான். ஆனா புதுசா எடிட் பண்ணின பதிப்பு, புது மொழிபெயர்ப்பு, நீங்க காட்டப் போற படம், இது ஒவ்வொண்ணுக்கும் தனி உரிமை இருக்கலாம். உயிரோட இருக்கற ஓவியர்கிட்ட வாங்கும்போது வெறும் "காட்டிக்கலாமா"ன்னு கேக்காதீங்க. வெட்டலாமா, ஸூம் பண்ணலாமா, அசைய வைக்கலாமா, ரெகார்ட் பண்ணி ஆன்லைன்ல போடலாமான்னு நாலையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. பழைய ஓவியம்னா ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க் மெட் மியூசியம் மாதிரி இடங்கள் உரிமை முடிஞ்ச படங்கள பெரிய ரெசல்யூஷன்ல டவுன்லோட் பண்ண விடறாங்க, மெட் 2017ல இருந்து தர்றாங்க. மெதுவா உள்ள ஸூம் போகணும்னா ஸ்க்ரீன் அகலத்த விட ரெண்டு மடங்கு பிக்சல் இருக்கற ஃபைலாவது எடுங்க, அதாவது 1920க்கு ஓட்டறீங்கன்னா 4000 பக்கம்.

என்ன காட்டறது, எப்போ ஒண்ணுமே காட்டக் கூடாது

இங்க தான் பெரும்பாலானவங்க சறுக்கறாங்க. கவிதையில மரம் வந்தா மரம், காக்கா வந்தா காக்கா. விண்டர்ரைஸ்ல அஞ்சாவது பாட்டு லிண்டன் மரத்தப் பத்தினது, அதுல பியானோ ஆரம்பத்துலயே இலை சலசலக்கற மாதிரி வாசிச்சுடுது. அதாவது மரத்த ஷூபர்ட் ஏற்கனவே காட்டிட்டாரு, பாடகரும் வாயால சொல்லிட்டாரு, நீங்க மூணாவதா ஸ்க்ரீன்லயும் காட்டினா பாக்கறவங்களுக்கு கற்பனை பண்ண ஒண்ணுமே மிச்சம் இல்ல. அதே மாதிரி 13வது பாட்டுல தபால் வண்டி வருது, கொம்பு ஊதற சத்தமும் குதிரை ஓடற தாளமும் பியானோவிலயே இருக்கு, அதுக்கு குதிரை வீடியோ போட்டா காமெடி ஆயிடும்.

அப்போ என்ன தான் காட்டறது? நான் செய்யச் சொல்றது இது. கவிதைய ஒரு தடவ படிச்சுட்டு அத மூடி வச்சுட்டு, பியானோவ மட்டும் தனியா கேளுங்க. கனமா இருக்கா, ஒரே இடத்துல சுத்துதா, திடீர்னு வெளிச்சம் வருதா, முடியாம தொங்குதா, இத ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்க. அந்த ஒரு வரிக்குத் தான் படம் தேடணும், கவிதையில இருக்கற பொருளுக்கு இல்ல. "ஒரே இடத்துல சுத்துது"ங்கறதுக்கு ஒரு சுவத்தோட விரிசல் கூட போதும்.

குளிர்காலம், தனிமைன்னாலே காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கோட மூடுபனி ஓவியத்த எடுத்துப் போடற பழக்கம் இருக்கு, முதுகு காட்டி பாறை மேல நிப்பாரே அவரு தான். நல்ல ஓவியம், அந்தக் காலத்தது தான், அதுல குறை இல்ல. ஆனா அது சிடி அட்டையிலயும் போஸ்டர்லயும் வந்து வந்து தேஞ்சு போச்சு, விட்டுடுங்க.

அசைவப் பத்தி ஒண்ணு. ஸ்க்ரீன்ல எது அசைஞ்சாலும் கண்ணு அங்க ஓடிடும், காது ரெண்டாவது இடத்துக்குப் போயிடும். அதனால பாடகர் முக்கியமான வரி பாடும்போது படம் அசையாம நிக்கட்டும், பியானோ தனியா வாசிக்கற இடத்துல அசையட்டும். ஷூமான் இதுக்கு தங்கமான ஆளு, பாட்டு முடிஞ்ச அப்புறம் பியானோவ நிறைய நேரம் பேச விடுவாரு. ஃபிராவன்லீபல கடைசிப் பாட்டுல புருஷன் செத்துடறான், பாடகி வாய மூடிக்கறாங்க, அப்புறம் பியானோ மட்டும் முதல் பாட்டோட இசைய திரும்ப வாசிக்குது. முதல் பாட்டுல என்ன படம் போட்டீங்களோ அதே படம் வேற வெளிச்சத்துல இங்க மெதுவா வந்தா போதும், சபையே விளங்கிக்கும். இந்த ஒரு இடத்துக்காகவே முதல் பாட்டோட படத்த ரொம்ப யோசிச்சு எடுங்க.

தாளத்துக்கு தாளம் படம் துடிக்கறது வேண்டவே வேண்டாம், அது கிளப்புக்கு நல்லா இருக்கும். அப்புறம் கறுப்பு, இத மறந்துடாதீங்க. நாலு பாட்டுக்கு ஒரு பாட்டாவது ஸ்க்ரீன் காலியா இருக்கட்டும். ஓவியர் சண்டைக்கு வருவாரு, பரவால்ல.

ஹாலும் கணக்கும்

ஹால் புக் பண்றதுக்கு முன்னாடி டேப் எடுத்துட்டுப் போங்க. மூணு அளவு வேணும்: ஸ்க்ரீன் அகலம், ப்ரொஜெக்டர் வைக்கப் போற இடத்துக்கும் ஸ்க்ரீனுக்கும் தூரம், பாடகர் நிக்கற இடத்துக்கும் ஸ்க்ரீனுக்கும் தூரம்.

ப்ரொஜெக்டர் லென்ஸுக்கு த்ரோ ரேஷியோன்னு ஒரு நம்பர் இருக்கும், தூரத்த அகலத்தால வகுத்தா வர்றது. 1.5 லென்ஸ் வச்சுட்டு 5 மீட்டர் அகலப் படம் வேணும்னா 7.5 மீட்டர் தள்ளி வைக்கணும். அந்த இடத்துல தூண் இருக்கா, பால்கனி விளிம்பு இருக்கா, ஆடியன்ஸ் தலை இருக்கான்னு பாருங்க.

வெளிச்சக் கணக்கும் ஈஸி தான். லூமன்ஸ (ப்ரொஜெக்டர் வெளிய விடற மொத்த வெளிச்சம்) படத்தோட பரப்பளவால வகுத்தா லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டர்ல விழற வெளிச்சம். 5 மீட்டர் அகலத்துக்கு 16:9ல உயரம் 2.8 மீட்டர், பரப்பு 14 சதுர மீட்டர், 6000 லூமன்ஸ் மெஷின்னா கிட்டத்தட்ட 430 லக்ஸ் விழும். அதே மெஷின வச்சு 8 மீட்டருக்கு இழுத்தா பரப்பு 36, வெளிச்சம் 167க்கு இறங்கிடும். இப்போ பாடகர் மேல அடிக்கற லைட்டு சிதறி ஸ்க்ரீன்ல ஒரு 20 லக்ஸ் விழுதுன்னு வைங்க, சின்னப் படத்துல வெள்ளைக்கும் கறுப்புக்கும் 20 மடங்குக்கு மேல வித்தியாசம் இருக்கும், பெரிய படத்துல 9 மடங்கு தான், சாம்பல் பூசின மாதிரி இருக்கும். அதனால பட்ஜெட் கம்மின்னா படத்த சின்னது பண்ணுங்க, யாரும் குறையா நினைக்க மாட்டாங்க, வெளுத்துப் போன பெரிய படத்தத் தான் நினைப்பாங்க.

முன்னாடி இருந்து அடிச்சா பாடகர் நிழல் படத்துல விழும், கண்ணும் கூசும். ப்ரொஜெக்டர உயரத்துல ஏத்தி லென்ஸ் ஷிஃப்ட் (மெஷின சாய்க்காம லென்ஸ மட்டும் நகத்தறது) வச்சு படத்த கீழ இறக்கறது நல்லது. கோணலா விழற படத்த மெஷினே மெனுவுல நேராக்கற கீஸ்டோன் கரெக்ஷன் கடைசி வழி, அது பிக்சல தின்னுடும். மேடைக்குப் பின்னாடி நாலஞ்சு மீட்டர் காலி இடம் இருந்தா கிட்ட இருந்தே பெரிய படம் குடுக்கற ஷார்ட் த்ரோ லென்ஸ் போட்டு பின்பக்கமா இருந்து அடிங்க, நிழல் பிரச்சனையே இல்ல.

மெல்லிசு வலைத்துணிய பாடகருக்கு முன்னாடி தொங்க விட்டு அதுல படம் விழ வைக்கலாம்னு யாராவது ஐடியா குடுப்பாங்க. பாக்க மாயம் மாதிரி இருக்கும். ஆனா இந்தக் கச்சேரியில மைக் கிடையாது, துணி கொஞ்சமா இருந்தாலும் குரலோட மேல் பகுதிய உறிஞ்சிடும், மெய்யெழுத்து எல்லாம் மங்கிடும், பாடகருக்கும் ஆடியன்ஸ் முகம் தெரியாது. நான் வேண்டாம்னு தான் சொல்லுவேன். ப்ரொஜெக்டர் ஃபேன் சத்தமும் இதே கணக்கு தான், கடைசிப் பாட்டு முடியற அந்த மெல்லிசு சுரத்துல அந்த உர்ருன்னு வர்ற சத்தம் மட்டும் தான் கேக்கும். கண்ணாடி போட்ட பூத்துக்குள்ள வைங்க, இல்லன்னா ஆடியன்ஸ் தலைக்கு மேல ரொம்பத் தள்ளி.

பாடகர் முகம்

இது லைட் ஆளோட நேரா பேச வேண்டியது. நேர் முன்னாடி இருந்து அடிச்சா மிச்ச வெளிச்சம் எல்லாம் ஸ்க்ரீனுக்குத் தான் போகும். பக்கவாட்டுல இருந்தும், உயரத்துல செங்குத்தா மேல இருந்தும் அடிச்சா சிதறல் தரையில விழும். பாடகர ஸ்க்ரீன்ல இருந்து குறைஞ்சது 3 மீட்டர் முன்னாடி நிக்க வைங்க. இருட்டுல முகம் தெரியாம ஓவியம் மட்டும் தெரியற மாதிரி வச்சுட்டா அது பின்னணி இசையோட ஓவியக் கண்காட்சி தான், பாடகர் பாவம். ட்ரெஸ் வெள்ளையா இருந்தா படம் அவங்க மேலயும் விழும், கறுப்பா இருந்தா இருட்டுல தலை மட்டும் மிதக்கும், நடுவுல ஏதாவது அடர் கலர் சொல்லுங்க.

பியானிஸ்ட மறந்துடாதீங்க, நோட்ஸ் ஸ்டாண்டு லைட்டு வெள்ளைக் காயிதத்துல பட்டு திரும்ப அடிக்கும். டேப்லெட்ல வாசிக்கறவங்கன்னா பின்னணிய மங்கலாக்கி வைக்கச் சொல்லுங்க. பியானோ ட்யூனிங்க ஹால்ல லைட்டு ஏசி எல்லாம் ஷோவுக்கு இருக்கப் போற மாதிரியே போட்டுட்டு செய்யணும், சூடு மாறினா சுருதி நகரும்.

க்யூ ஷீட்

உண்மையான வேலை இது தான். ஸ்கோர, அதாவது பாட்டோட நோட்ஸ் புஸ்தகத்த, ஜெராக்ஸ் எடுத்து, மியூசிக் தெரிஞ்ச ஒருத்தர உக்கார வச்சு, எந்த பார்ல எந்தப் படம் வரணும்னு பென்சில்ல எழுதுங்க. "பாட்டு 4, பார் 17, ரெண்டாவது பீட், க்யூ 9." செகண்ட் கணக்கே வேண்டாம், அதே பாடகர் அதே பாட்ட நேத்து பாடினதுக்கும் இன்னைக்குப் பாடறதுக்கும் பத்து பதினஞ்சு செகண்ட் வித்தியாசம் வரும். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வர்ற பாட்டுன்னா பார் நம்பரோட எத்தனாவது சரணம்னும் எழுதுங்க, இல்லன்னா ரெண்டாவது சரணத்துலயே மூணாவதோட படம் வந்து நிக்கும்.

ஷோ அன்னைக்கு க்யூ சொல்றவர் ஸ்கோர் படிக்கத் தெரிஞ்சவரா இருக்கணும், இதுல சமரசமே கிடையாது. அவரு ரெண்டு பார் முன்னாடி "ரெடி"ன்னுவாரு, சரியான இடத்துல "கோ"ன்னுவாரு, கம்ப்யூட்டர்ல இருக்கறவர் பட்டன தட்டுவாரு. சின்ன டீம்னா ரெண்டும் ஒரே ஆளு.

ஒவ்வொரு வீடியோவையும் மூணு துண்டா செஞ்சு வாங்குங்க: உள்ள வர்ற பகுதி, எவ்வளவு நேரம் வேணா சுத்திட்டே இருக்கற நடுப்பகுதி, வெளிய போற பகுதி. நடுப்பகுதி சுத்தறது கண்ணுக்குத் தெரியக் கூடாது. இப்படி இருந்தா பாடகர் எவ்வளவு இழுத்தாலும் படம் தீந்து போகாது. ஒரு படத்துல இருந்து அடுத்ததுக்கு மாறறது 4 செகண்டுல இருந்து 8 செகண்ட் வரைக்கும் எடுத்துக்கலாம், டக்குன்னு மாத்தற வெட்டு மொத்த சைக்கிளுக்கும் ஒண்ணோ ரெண்டோ போதும்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல இருக்கற மௌனத்துல படம் மாத்தாதீங்க. அது ஸ்லைட் ஷோ மாதிரி ஆயிடும், ஜனங்க இருமவும் ஆரம்பிப்பாங்க. பழைய படம் மௌனத்துலயும் நிக்கட்டும், அடுத்த பாட்டோட முதல் பார் கேட்ட அப்புறம் மெதுவா நகரட்டும். காதுக்குப் பின்னாடி கண்ணு வந்தா இயல்பா இருக்கும், முன்னாடி வந்தா குட்டு உடைஞ்ச மாதிரி.

சாஃப்ட்வேர்னா மேக்ல க்யூலேப் தான் நிறைய தியேட்டர்கள்ல ஓடுது, ரெசலூம், இசடோரா இதெல்லாமும் இருக்கு. வெறும் படங்கள் மட்டும்னா பவர்பாயிண்ட் கூட தாங்கும், கேலி பண்றவங்க பண்ணட்டும். வீடியோ ஃபைல ப்ரோரெஸ் இல்லன்னா ஹேப் ஃபார்மேட்ல (ஃபைல் பெருசா இருக்கும், ஆனா கம்ப்யூட்டருக்கு ஓட்ட ஈஸி) வாங்குங்க, ஃபோன்ல பாக்கற எச் 264 ஃபைல்கள் ரெண்டு ஒண்ணா ஓடும்போது தடுக்கலாம். எல்லாமே ஒரே ஃப்ரேம் ரேட்.

கம்ப்யூட்டரே வேண்டாம்னா இன்னொரு வழி இருக்கு, பழைய ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர். கண்ணாடி மேல தண்ணி, மை, நூல், மணல் வச்சு ஓவியர் லைவா செய்யலாம். அவரு காது குடுத்து கேட்டுட்டே செய்றதால காத்திருக்கற பிரச்சனையே வராது. சத்தமும் வெளிச்சமும் மட்டும் பாத்துக்கங்க.

மொழிபெயர்ப்பு வரிகள்

மேல சொன்ன பாட்டெல்லாம் ஜெர்மன்ல தான், ஜெர்மன் தெரியாத சபைக்கு அர்த்தம் வேணும். ஆனா எழுத்து ஸ்க்ரீன்ல வந்தா கண்ணு அதத் தான் முதல்ல படிக்கும், படமும் போச்சு, பாடகரும் போச்சு. படத்துக்கு மேலயே வரிகள ஓட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல. தனி சின்ன ஸ்க்ரீன் பக்கத்துல வைக்கலாம், வெள்ளை எழுத்து வேண்டாம், மங்கின சாம்பல், ஒரு நேரத்துல ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாது. அதுவும் முடியலன்னா ஒவ்வொரு பாட்டுக்கும் ரெண்டு வரி சுருக்கம் எழுதி கையில குடுத்து, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி படிக்க நேரம் விடுங்க. அதே தாள்ல நடுவுல கை தட்ட வேண்டாம், கடைசியில தட்டலாம்னும் போட்டுடுங்க.

ரிகர்சல்

முதல்ல ரூம்ல, லேப்டாப் ஸ்க்ரீன்ல ஓட்டிப் பாருங்க. பாடகரும் பியானிஸ்டும் ஒரு தடவையாவது படங்கள உக்காந்து பாக்கணும், மேடையில அவங்க முதுகுக்குப் பின்னாடி தான் எல்லாம் நடக்கப் போகுது.

ஹால்ல டெக் ரிகர்சல் அன்னைக்கு முதல்ல பாடகர் இல்லாமலே ப்ரொஜெக்டர ஆன் பண்ணி அரை மணி நேரம் சூடாக விட்டு, அப்புறம் கட்டம் போட்ட டெஸ்ட் படத்த வச்சு நேராக்குங்க, குளிர்ந்த மெஷின்ல ஃபோகஸ் வச்சா கொஞ்ச நேரத்துல நகந்துடும். அப்புறம் வேற யாரையாவது பாடகர் இடத்துல நிக்க வச்சு லைட் பாருங்க. பாடகர் வந்ததும் க்யூவுக்கு க்யூ தாவிப் போகும்போது அவங்கள அரைக் குரல்ல பாடச் சொல்லுங்க, திரும்பத் திரும்ப முழுக் குரல்ல பாட வச்சா மறுநாளைக்கு குரல் இருக்காது. கடைசியில ஒரு தடவ நிறுத்தாம முழுசா, ஷோ லைட்டோட. தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது.

நடுவுல ப்ரொஜெக்டர் நின்னுட்டா என்ன பண்றதுன்னு இங்கேயே முடிவு பண்ணுங்க. பாட்டு நிக்காது. லைட் ஆளு மேடைய கொஞ்சம் வெதுவெதுப்பா ஏத்திடுவாரு, கச்சேரி தொடரும். அந்த லைட்டையும் ஒரு க்யூவா பதிவு பண்ணி வைங்க.

ஷோ அன்னைக்கு

நோட்டிஃபிகேஷன், ஸ்லீப், ஸ்க்ரீன் சேவர், ஆட்டோ அப்டேட் எல்லாம் ஆஃப். வைஃபையும் ஆஃப். டெஸ்க்டாப் வால்பேப்பர் கறுப்பு, ரெண்டாவது டிஸ்ப்ளே எக்ஸ்டெண்ட்ல இருக்கணும், மிரர்ல இருந்தா உங்க மவுஸ் அம்பு ஷூமான் மேல ஊர்ந்து போகும். ப்ரொஜெக்டர் மெனுவுல சிக்னல் இல்லாதப்போ வர்ற நீலக் கலர், கம்பெனி லோகோ ரெண்டையும் கறுப்பா மாத்துங்க, ஆட்டோ பவர் ஆஃப எடுத்துடுங்க. ஹெச்டிஎம்ஐ கேபிள் 15 மீட்டருக்கு மேல நம்ப முடியாது, தூரம் அதிகம்னா எஸ்டிஐயோ ஃபைபரோ (ரெண்டும் நீள தூரத்துக்கான வீடியோ கேபிள்) போடுங்க. ரெண்டாவது லேப்டாப்ல அதே ஃபைல் திறந்து வச்சிருக்கணும்.

இன்னொண்ணு. ப்ரொஜெக்டரோட கறுப்பு கறுப்பே இல்ல, இருட்டு ஹால்ல மங்கலா ஒரு சாம்பல் கட்டம் தெரியும். காலி ஸ்க்ரீன் பாட்டுகளுக்கு மெஷினோட ஷட்டர மூடுங்க, ஷட்டர் இல்லன்னா லென்ஸுக்கு முன்னாடி ஒரு அட்டைய மெதுவா இறக்க ஒரு ஆளப் போடுங்க. கடைசி சுரம் முடிஞ்ச உடனே ஹால் லைட்ட போட்டுடாதீங்க, பியானிஸ்ட் பெடல்ல இருந்து கால எடுக்கறது தான் உங்க க்யூ, அதுவரைக்கும் பட்டன்ல இருந்து கைய எடுத்து மடியில வச்சுக்கங்க.

எல்லாரும் போன அப்புறம் ப்ரொஜெக்டர் ஃபேன் தானா நிக்கற வரைக்கும் ப்ளக்க புடுங்காதீங்க. பென்சில்ல திருத்தின ஸ்கோர அன்னைக்கே ஃபோட்டோ எடுத்து ஃபைல்களோட ஒரே ஃபோல்டர்ல போட்டுடுங்க, அடுத்த ஹால்ல ஏத்தும்போது ஸ்க்ரீன் அளவும் லைட்டும் தான் மாறும், பார் நம்பர் மாறாது.